வன்னியிலிருந்து எல்எல்எம்: வேலையை விடாமல் சட்டமுதுமாணி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். சில நேரம் கிளிநொச்சி நீதிமன்ற வளவுக்குள் கறுப்புக் கோட்டோடு நிற்கும் இளையவர், சில நேரம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) காணிப் பிரிவில் இருக்கும் தம்பி, சில நேரம் முல்லைத்தீவில் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் தங்கச்சி. "வேலை செய்துகொண்டே எல்எல்எம் முடிக்கலாமோ? எவ்வளவு காசு முடியும்? கொழும்புக்குப் போகவேணுமோ?" எல்லோருக்கும் இந்த மூன்று கேள்விகள்தான். எந்த விடயத்தைப் படிப்பது என்று இதுவரை ஒருவரும் முதல் கேள்வியாகக் கேட்கவில்லை. என் அனுபவத்தில் படிப்பு முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்தது அந்தக் கேள்விதான். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: இந்தப் பட்டம் எதைத் தரும், எதைத் தராது

எல்எல்எம், அதாவது சட்டமுதுமாணி, முடித்தால் மட்டும் சட்டத்தரணி ஆக முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கையில் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இலங்கையில் நீதிமன்றில் தோன்றும் உரிமை, 1874இல் தொடங்கிய புதுக்கடை சட்டக்கல்லூரி வழியாகப் போய், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் கிடைக்கும். சட்டமாணி (எல்எல்பி) பட்டம் இருந்தாலும் அந்த வாசலைத் தாண்டியே ஆகவேண்டும். சட்டமுதுமாணி வேறு பாதை. ஒரு துறையில் ஆழம், விரிவுரையாளர் பதவிக்கு ஒரு தகுதி, அரச சேவையிலும் சர்வதேச நிறுவனங்களிலும் ஒரு மேலதிகத் தகைமை, இவ்வளவுதான் அது தருவது.

இன்னொன்று. பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வந்தால் கட்சிக்காரர் (வழக்கோடு வருபவர்கள்) கூடுவார்கள் என்று நினைத்தால் விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் கட்சிக்காரர் கேட்பது, "இந்தத் தவணையில முடியுமோ ஐயா?" என்பது மட்டும்தான்.

படி 2: விண்ணப்பத்துக்கு முன் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

'நெகிழ்வான படிப்பு' என்று விளம்பரத்தில் பார்த்தவுடன் நேரம் குறைவாகத் தேவைப்படும் படிப்பு என்று நானும் நினைத்தேன். கணக்கைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். ஆய்வையும் சேர்த்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட், 3,000 மணித்தியாலம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் கணக்கு வேறு. அங்கே முதுமாணிக்கு 180 கிரெடிட், ஒவ்வொன்றும் 10 மணித்தியாலம், மொத்தம் 1,800.

இப்போது உங்கள் வாரத்தை எடுங்கள். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை நான்கு நாள், ஞாயிறு ஆறு மணித்தியாலம் என்றால் 12 மணித்தியாலம் வரும். 1,800ஐ 12ஆல் பிரித்தால் 150 வாரம். கலியாணவீடு, செத்தவீடு, காய்ச்சல், வெள்ளம் எல்லாம் சேர்த்தால் மூன்றரை வருடம். 60 கிரெடிட் படிப்பை இரண்டு வருடத்தில் முடிக்கச் சொன்னால், வாரத்துக்கு 29 மணித்தியாலம் வேண்டும். வேலையில் இருப்பவருக்கு அது இரண்டாவது வேலை.

நான் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முதல் தடவையே நான்கு பாடம் பதிந்தேன். மே மாதப் பரீட்சை. தை, மாசியில் காலபோக அறுவடை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வயலில் நானே நிற்கவேண்டியிருந்தது. இரண்டு பாடத்துக்குத்தான் போய் எழுதினேன், அதில் ஒன்றில் சித்தியில்லை. பிழை முழுக்க என்னுடையது. அடுத்த தடவை இரண்டு பாடம் மட்டும் எடுத்தேன், அதுதான் கடைசிவரை என் அளவு.

படி 3: எந்த வழி உங்களுக்குப் பொருந்தும்

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கொழும்பில் வார இறுதி வகுப்புகளை நம்பி நடக்கும் பட்டங்கள். கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடம் நீண்டகாலமாக எல்எல்எம் நடத்துகிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆசிரியர்களும் நூலகமும் கூடப் படிப்பவர்களும் நேரில் கிடைப்பது பெரிய பலம். ஆனால் வெள்ளி இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறி, முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, விடியக் கொழும்பில் இறங்கி, வகுப்பு முடிந்து திரும்பவும் இரவு பஸ்ஸில் வந்து, திங்கள் காலை ஒன்பதரைக்கு நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். என் நண்பர் ஒருவர் அப்படியே முடித்தார். அவருக்கு அப்போது 26 வயது, கலியாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் இதை யோசித்துத்தான் தொடங்கவேண்டும்.

இரண்டாவது, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் வவுனியாவில் கற்கை நிலையமும் இருக்கின்றன. சட்டமாணி பட்டத்தை வேலையோடு படித்தவர்கள் வடக்கில் நிறையப் பேர், அவர்களில் பலர் இங்கேதான் படித்தார்கள். பட்டப்பின் படிப்புகளுக்கான அறிவித்தல் வரும்போது ஒரே ஒரு கேள்வியை நேரே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்த வகுப்புக்கு நாவலைக்கு வரவேண்டும், எது இணையவழி, பரீட்சை எங்கே?

மூன்றாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி. இதில் பழையது லண்டன் பல்கலைக்கழகம். 1858இலிருந்தே வெளிவாரி மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கிறது. அதன் எல்எல்எம் 16 சிறு பாடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து முடித்தால் பட்டப்பின் சான்றிதழ், பத்து முடித்தால் பட்டப்பின் டிப்ளோமா, 16 முடித்தால் முதுமாணி. ஒரு வருடத்திலும் முடிக்கலாம், ஐந்து வருடம்வரையும் இழுக்கலாம். இடையில் நின்றாலும் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு இந்த ஏணிப்படி முறை மிகவும் உதவும். வேறு பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிலும் இப்படி இணையவழி எல்எல்எம் உண்டு. ஆனால் அவற்றில் பல, வகுப்புத் தொகுதியோடு சேர்ந்து ஓடச் சொல்லும், நினைத்த மாதிரி நிறுத்தி எடுக்க விடாது.

இந்தியா பக்கம்தானே என்று அங்கே தொலைக்கல்வி எல்எல்எம் தேடுகிறவர்களுக்கு: இந்திய பார் கவுன்சில் தொலைக்கல்வி வழிச் சட்டமுதுமாணியை ஏற்பதில்லை. அந்தப் பக்கம் காசை விடாதீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் அங்கீகாரத்தைப் பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பதற்கு, அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைந்நூலிலோ இருக்கவேண்டும். 'நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்' என்று முகவர் சொல்வது போதாது. பட்டத்தை வழங்குவது யார், முகவரா பல்கலைக்கழகமா? சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? எனக்குத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரே வருடத்தில் எல்எல்எம் முடித்துக் கொண்டுவந்தார். பதவி உயர்வுக்குக் கொடுத்தபோது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இரண்டு ஏடுகளிலும் இல்லை. அரச சேவையில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தங்கள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கற்கை விடுமுறைக்கும் அந்தக் கடிதம் உதவும்.

படி 4: ஆவணங்கள்

சட்டமாணி பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்று விவரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, ஆங்கிலத் தகைமை, சட்டத்தரணி என்றால் பதிவுச் சான்று. பொதுவாக இரண்டாம் வகுப்புச் சித்தி கேட்பார்கள். அது இல்லாதவரும் தொழில் அனுபவத்தைக் காட்டி முயலலாம். ஏணிப்படி முறையில் சான்றிதழ் மட்டத்தில் நுழைந்து மேலே போகும் வழியும் சில இடங்களில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 2009க்கு முன் பெற்ற மூலச் சான்றிதழ்கள் பலரிடம் இல்லை, இடம்பெயர்வில் பதுங்குகுழியோடு போய்விட்டன. பல்கலைக்கழகத்தில் பிரதி எடுக்க வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். பெயர் எழுத்தும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், பட்டத்தில் இன்னொன்று. ஒரு சத்தியக்கடதாசியை முதலே முடித்து வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் ஓடவேண்டி வந்தால் என்று யோசிக்கும் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை, இந்த விடயத்தில் அது நல்லது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே விண்ணப்பத் திகதி தெரிந்த பிறகே அதை எழுதுங்கள்.

படி 5: பணம்

கட்டணம் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் தொகை எழுதவில்லை. கணக்கில் சேர்க்கவேண்டியவற்றைச் சொல்கிறேன்: விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஒவ்வொரு பாடத்துக்குமான கட்டணம், பரீட்சைக் கட்டணம், மறுபரீட்சைக் கட்டணம், வங்கி வெளிநாட்டுக்கு அனுப்ப எடுக்கும் தரகு. இதில் மறுபரீட்சையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு பாடமாவது திரும்ப எழுதவேண்டி வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

பவுண்ஸில் கட்டுகிறவர்களுக்கு 2022 ஒரு பாடம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பவுண்ஸும் கூடவே ஏறியது. முழுக் கட்டணத்தையும் கடன்பட்டு ஒரேயடியாகக் கட்டுவதா, பாடம் பாடமாகக் கட்டுவதா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். தங்கத்தை அடகு வைத்துப் படிக்க வேண்டாம். ஐந்து வருடம் இருக்கிறது.

பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசில் என்று ஒன்று உண்டு. வளர்முக பொதுநலவாய நாட்டவர் தங்கள் நாட்டில் இருந்தபடியே பிரித்தானிய முதுமாணி படிக்க உதவுவது. அந்த ஆண்டுக்கான பாடநெறிப் பட்டியலில் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். செவனிங் என்ற பிரித்தானிய அரசின் புலமைப்பரிசில் நேரே பிரித்தானியா போய் ஒரு வருடம் படிப்பதற்கு. அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள்.

படி 6: பாடத்தைத் தெரிவது

சரி, இனி முக்கியமான இடம்.

பாடப் பட்டியலைத் திறந்தால் கண் கூசும். கடல்சார் சட்டம், சர்வதேச நடுத்தீர்ப்பு, புலமைச் சொத்து, விண்வெளிச் சட்டம். என்னோடு தொடங்கிய ஒருவர் சர்வதேச வங்கிச் சட்டத்தை எடுத்தார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து மாலைவரை பராமரிப்பு வழக்கும் காணி வழக்கும் பார்த்துவிட்டு இரவில் யூரோ பத்திரங்களைப் பற்றி வாசிக்க மூளை மறுக்கும். ஏழாவது மாதம் விட்டுவிட்டார்.

என் ஆலோசனை இதுதான்: உங்கள் மேசையில் இருக்கும் கோப்புகளை எடுத்து அடுக்குங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது? அதற்குப் பக்கத்தில் வரும் பாடத்தை எடுங்கள். பகல் வேலையே உங்களுக்கு அரைவாசிப் படிப்பாகிவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் 2009இலிருந்து இல்லை. இறந்தார் என்று பதிய அவருக்கு மனமில்லை. தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்று மகளின் அலுவலைப் பார்க்கவேண்டும். தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு) உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச்சட்டம். கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதைச் செய்தோம், வேலை முடிந்தது. சட்டத்தரணிக்கு அது போதும்.

எல்எல்எம் மாணவனுக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. 2016இல் 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' என்ற ஒன்றை எங்கள் சட்டம் கொண்டுவந்தது. கணவரை இறந்தவராகப் பதியாமலேயே சில அலுவல்களைப் பார்க்க உதவுவது அது. அப்படியான சான்றிதழ் கையில் இருக்கும் பெண், 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக ஏன் இன்னொரு தடவை நீதிமன்றப் படி ஏறவேண்டும்? இங்கிலாந்தில் 2017இல் இயற்றிய சட்டம், ஒருவர் 90 நாள் காணாமற்போயிருந்தாலே அவருடைய சொத்தைப் பார்க்க நீதிமன்றம் ஒரு பாதுகாவலரை நியமிக்க இடம் தருகிறது. ஆர்ஜென்டினா 1994இலேயே, பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டவர்களுக்கென்று, மரணத்தை அனுமானிக்காத ஒரு தனிச் சட்ட நிலையை உருவாக்கியது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குடும்பச் சட்டம், ஒப்பீட்டுச் சட்டம், மனித உரிமை என்று மூன்று பாடத்துக்கான கட்டுரை அதற்குள் இருக்கிறது. எனக்கு அந்த அக்காவின் கோப்பிலிருந்துதான் மூன்று பாடமும் கடைசி ஆய்வும் வந்தன.

வன்னியில் இப்படிக் கோப்புக்குப் பஞ்சமில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குடியேற்றத் திட்டக் காணிகள் எல்லாம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருபவை. பின்னுரித்தாளர் (உரித்தாளருக்குப் பின் காணியைப் பெறுபவர்) பெயரிடப்படாத இடத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பட்டியலை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. அதற்கு முன்பே தம்பியின் பெயருக்கு மாறிப்போன காணியில், அக்காவுக்கு இப்போது என்ன இருக்கிறது? இன்னொன்று, பத்து வருட ஆட்சியில் காணியைச் சொந்தமாக்கும் பழைய 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, 2016இல் ஒரு விசேட ஏற்பாடு வந்தது. போரால் தன் காணிக்கு வரமுடியாமல் போனவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். காணிக்குத் திரும்பிய எத்தனை பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்தது? மலையகத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்குத் தேசவழமை பொருந்துமா? 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தொகுப்புக்கு இந்தக் கேள்வியே தெரியாது. வன இலாகா எல்லைக்கல், நுண்கடன், மீன்பிடி உரிமை... நான் நிறுத்துகிறேன், நீங்கள் உங்கள் கோப்பைத் திறவுங்கள்.

படி 7: ஆங்கிலம்

எங்களில் பெரும்பாலானோர் தமிழில் படித்தவர்கள், வடக்கின் கீழ்நீதிமன்றங்களில் தமிழில் வழக்காடுபவர்கள். எல்எல்எம் அநேகமாக ஆங்கிலத்தில்தான். பயம் நியாயமானது, ஆனால் பேச்சு ஆங்கிலத்துக்கு ரியூஷன் போவது இதற்கு மருந்தில்லை. வேண்டியது சட்ட ஆங்கில வாசிப்பு.

எனக்குக் கைகொடுத்த முறை மிக எளிது. பாராளுமன்றச் சட்டங்கள் மூன்று மொழியிலும் வெளியாகின்றன, அரச அச்சுத் திணைக்களத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒரு நாளைக்கு ஐந்து பிரிவு வாசியுங்கள். புதிய சொல்லைக் கொப்பியில் இரண்டு நிரலாக எழுதுங்கள். மூன்று மாதத்தில் 400, 500 சொல் சேரும். கடைசிப் பிரிவு வரை வாசித்தால், முரண்பாடு வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்ற வரியை அநேகமாக ஒவ்வொரு சட்டத்திலும் காண்பீர்கள். அதுவும் ஒரு கட்டுரைக்கான தலைப்புத்தான்.

அதற்குப் பிறகு தீர்ப்பு. உயர் நீதிமன்றத் தளத்திலிருந்து வாரத்துக்கு ஒன்று. சம்பவம், எழுந்த கேள்வி, நீதிமன்றம் எடுத்த சட்டம், காரணம், முடிவு என்று ஐந்து வரியில் ஆங்கிலத்தில் சுருக்குங்கள். ஆறாவதாக ஒரு வரி, 'எனக்கு இதில் உடன்பாடில்லாத இடம்'. சட்டமாணிக்கு ஐந்து வரி போதும். முதுமாணியில் புள்ளி கிடைப்பது ஆறாவது வரிக்கு.

படி 8: வாரத்தைக் கட்டுவது

எங்கள் ஊர் நாட்காட்டியோடு பல்கலைக்கழக நாட்காட்டியை ஒட்டிப் பாருங்கள். லண்டன் வழியில் மே, ஒக்டோபர் என்று இரண்டு பரீட்சைக் காலம் உண்டு. மே பரீட்சைக்கான கடும் வாசிப்பு அறுவடையோடு மோதும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வேறு. ஒக்டோபர் விதைப்புத் தொடங்கும் நேரம், மழையும் வரும். வயல் உள்ள வீடு என்றால் ஒக்டோபர் ஓரளவு வசதி, ஏனென்றால் அதற்கு முன் வரும் ஆடி, ஆவணி சற்று ஓய்வு. வயல் இல்லாத உத்தியோகத்தருக்கு வருட இறுதிக் கணக்கு வேலை தொடங்க முன் என்று பார்த்தாலும் ஒக்டோபர்தான் நல்லது.

லண்டனில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் இணைய வகுப்பு எங்களுக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. நேரலையில் இருந்து கொட்டாவி விடுவதைவிடப் பதிவை அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்குப் பார்ப்பது மேல். கேள்வியிருந்தால் எழுதி அனுப்பலாம்.

இணையம் கிளிநொச்சி நகரில் பரவாயில்லை. உள்ளே, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் வீட்டு முற்றத்தில் ஒரு மூலைக்கு மட்டும்தான் சிக்னல் வரும். நகரத்துக்கு வரும் நாளில் அந்த வாரத்துக்கான எல்லாக் கட்டுரைகளையும் பிடிஎஃப் ஆக இறக்கிவிடுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருங்கள். பரீட்சை வீட்டிலிருந்து இணையவழி என்றால், வீட்டை நம்பாதீர்கள். ஜெனரேட்டர் உள்ள ஓர் அலுவலகத்தில், தெரிந்தவரிடம் கேட்டு ஓர் அறை எடுங்கள். மடிக்கணினி மின்கலம் நான்கு மணித்தியாலம் தாங்குமா என்று முதல்நாள் சோதியுங்கள். நடுவில் கரண்ட் போனால் உடனே நேரத்தோடு படம் எடுத்து அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

வீட்டாரிடம் பேசுவதையும் ஒரு படியாகவே எடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணித்தியாலம் நீங்கள் கதவைச் சாத்தினால் அந்த வேலையை யாரோ ஒருவர் செய்கிறார். பெண்களுக்கு இது இன்னும் கடினம். என்னோடு படித்த ஓர் அக்கா, குசினிக்குள் போனைத் தேங்காய்த் திருவலைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து விரிவுரை கேட்டே இரண்டு பாடம் முடித்தார்.

படி 9: கட்டுரையும் ஆதாரமும்

புத்தகம் வாங்கக் காசு கரைக்காதீர்கள். பிரித்தானியத் தீர்ப்புகளுக்குப் பெய்லி (BAILII), பொதுநலவாய நாடுகளுக்குக் காமன்லி (CommonLII), இரண்டும் இலவச இணையத்தளங்கள். பல்கலைக்கழகத்தில் பதிந்தவுடன் இணைய நூலகக் கடவுச்சொல் தருவார்கள். முதல் வாரமே அதைத் திறந்து பழகுங்கள், கட்டணத்தின் பெறுமதி அநேகமாக அதற்குள்தான் இருக்கிறது. அடிக்குறிப்புக்கு ஒஸ்கோலா (OSCOLA) முறையைக் கேட்பார்கள், அதன் கையேடும் இலவசம். சொட்டேரோ (Zotero) மென்பொருளில் வாசித்த ஆதாரங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டு போனால் கடைசி வாரம் அழவேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் அபராதம் கட்டினார்கள். ஆங்கில வசனத்தைப் புரிந்துகொள்ள அதைக் கேட்கலாம், உங்கள் பல்கலைக்கழக விதி அனுமதித்தால். வழக்கின் பெயரை மட்டும் அதன் வாயிலிருந்து எடுக்காதீர்கள். தீர்ப்பைத் திறந்து கண்ணால் பார்க்காத எதையும் அடிக்குறிப்பில் போடக்கூடாது.

பரீட்சைக்கு, பழைய வினாத்தாள் ஐந்து எடுத்துக் கையால் நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். தட்டச்சுப் பரீட்சை என்றால் தட்டச்சில். வேறு இரகசியம் ஒன்றும் இல்லை.

படி 10: ஆய்வு

ஆய்வுக்கட்டுரை எல்லா எல்எல்எம்மிலும் கட்டாயமில்லை. விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ போக நினைத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பாடங்களோடு முடிப்பதே நிம்மதி.

எடுப்பதென்றால் மூன்று விடயம். ஒன்று, தலைப்பைச் சுருக்குங்கள். 'வடக்கில் காணி உரிமை' என்பது பத்துப் பேருக்கான வேலை. 'கணவர் காணாமற்போன பெண்ணின் சீதனக் காணிக் கைமாற்றம்' என்றால் ஒருவர் முடிக்கலாம்.

இரண்டு, தரவு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். பிரதேச செயலகத்துக்குக் கேள்வியை எண்ணாகக் கேளுங்கள்: இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை எத்தனை விண்ணப்பம், எத்தனை வழங்கப்பட்டது. 'விளக்கம் தருக' என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதம் வரும், அதில் ஒன்றும் இருக்காது.

மூன்று, மனிதர்கள். நேர்காணலுக்குப் போவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அனுமதி எழுத்தில் வேண்டும். அது வர முன் ஒருவரிடமும் பேசித் தரவு எடுக்காதீர்கள். உங்கள் கட்சிக்காரரின் கோப்பு உங்கள் சொத்தில்லை. சட்டத்தரணியிடம் நம்பிச் சொன்னதை ஆய்வில் போட அவருடைய தனியான சம்மதம் தேவை, சம்மதித்தாலும் பெயர், ஊர், காணி இலக்கம் எதுவும் வரக்கூடாது. இங்கே ஒரு கிராமத்தில் 'மூன்று பெண்பிள்ளை, ஒரு கிணறு, ரோட்டோரம்' என்றாலே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் விவரங்களை மாற்றி, மாற்றினேன் என்பதையும் எழுதுங்கள். எங்கள் சனத்திடம் கணக்கெடுப்பு என்று எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் சலித்துப்போயிருப்பதைத் தெரிந்துகொண்டே படலையைத் தட்டுங்கள். ஒரு பிளேன்டீ குடித்து, கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசி, அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் திரும்பி வரவேண்டியிருக்கலாம்.

முடிந்த பிறகு, ஆங்கில ஆய்வை இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக்கி அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் புதுக்குடியிருப்பு அக்காவிடம் கொண்டுபோனபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிறகு, "தம்பி, இதில என்ர காணி எங்க இருக்கு?" என்றார். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பந்தியைக் காட்டினேன். அவர் அதை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, "பெயர் போடாதது நல்லது. ஆனா கிணறு ஒண்டில்ல, ரெண்டு" என்றார். நான்தான் மாற்றினேன் என்று சொல்லி முடிக்க எனக்கு இன்னொரு பிளேன்டீ தேவைப்பட்டது.